ஐந்து மணி மாத்திரை

"இரும்மா, வாரேன்" என்று சொல்லிவிட்டு வார்டை விட்டு வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் வாரேன் என்றது பொய் என்று நவமணிக்குத் தெரிந்தது. திரும்பிப் போகிற தெம்பு அவளிடம் இல்லை. எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. ஐந்து மணிக்கு நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். பதினோராம் நம்பர் கட்டிலில் இருக்கிற ரஞ்சனிக்கு உண்டான வெள்ளை வலிப்பு மாத்திரையை அவள் அம்மா பேச்சித்தாய் கையில் கொடுப்பாள். பேச்சித்தாய் ரொம்பப் பணிவாக வாங்கிக்கொள்வாள். நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்ததும் முந்தானையில் முடிந்துகொள்வாள். நேற்றுச் சாயங்கால மாத்திரையும் இன்றைக்குக் காலை மாத்திரையும் ஏற்கெனவே அந்த முடிச்சில்தான் இருக்கின்றன. இப்போதுதானே அவிழ்த்துக் காட்டினாள், திருநீற்றுப் பொட்டலத்தைக் காட்டுகிற மாதிரி அத்தனை பத்திரமாக, அத்தனை சந்தோஷமாக. "நீங்க தலையில கை வச்சு நாலு நாளாச்சுக்கா. ஒரு வெட்டு வரல. ஒரு தடவ கை கால் இழுக்கல. இனி எதுக்கு எம் பிள்ளைக்கு இந்த விஷம்? நீங்க நம்புன சாமிய நானும் நம்பிட்டேன்" என்றாள். ரஞ்சனிக்குப் பதின்மூன்று வயசு. அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டே தலையணையில் சாய்ந்து, நவமணி கொண்டுவந்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. நாளைக் காலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் யார் பார்க்கப் போகிறார்கள். மாத்திரையையும் கொடு, ஜெபத்தையும் விடாதே, ரெண்டும் கர்த்தர் தந்ததுதான் என்று நவமணி சொல்லத்தான் செய்தாள். பதினோரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் ஜெபம் பண்ணுகிற எல்லாக் கட்டிலிலும் அவள் அப்படித்தான் சொல்வது. பேச்சித்தாய் சிரித்தாள். "என்னச் சோதிச்சுப் பாக்கீங்களாக்கா? நீங்கதான கூட்டத்துல சாட்சி சொன்னீங்க, பத்து வருஷம் மாத்திர குடுத்தும் மாத்திர ஒங்க பிள்ளையக் காப்பாத்தலன்னு." அதற்குப் பிறகு அந்தக் கட்டிலருகே நிற்க முடியவில்லை.

நவமணிக்கு ஜெபம் வரவில்லை என்று சொன்னால் இந்த ஆஸ்பத்திரியே நம்பாது. வாயைத் திறந்தால் போதும், பரலோகப் பிதாவே என்று ஆரம்பித்து, தேவரீர் தேவரீர் என்று மூச்சு விடாமல் போய், ஆமென் சொல்லும்போது கட்டிலில் கிடப்பவர் கண்ணிலும் தண்ணீர், பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர் கண்ணிலும் தண்ணீர். அடுத்த வார்டிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட வாய் இப்போது எப்பா என்கிற ஒரு சொல்லைத் தாண்டி நகர மாட்டேன் என்கிறது. எப்பா, நான் என்ன செய்ய. எப்பா, நீரே அவளிடம் சொல்லக்கூடாதா. மேலே மின்விசிறி டொக்கு டொக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. தரை துடைக்கிறவள் பினாயில் வாளியோடு வந்து, கால எடுங்கக்கா என்றாள், நவமணி எடுத்தாள், அவள் துடைத்துவிட்டுப் போனாள், கால் அப்படியே அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. நர்ஸிடம் சொல்லிவிடலாம். சிஸ்டர், பதினோராம் கட்டிலில் மாத்திரை கொடுக்கவில்லை, பாருங்கள் என்று ஒரு வார்த்தை. நர்ஸ் வந்து கத்துவாள், எதிரே நின்று விழுங்க வைப்பாள், இன்றைக்கு விழுங்கும், நாளைக் காலையிலும் விழுங்கும். நாளை மத்தியானம் பஸ்ஸில் போகிற வழியில் மிச்ச மாத்திரையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே போகும். பேச்சித்தாய் பயத்தால் செய்கிறவள் இல்லை, நம்பிச் செய்கிறவள். நம்பிச் செய்கிறவளை அதட்டித் திருத்த முடியாது. அது நவமணிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும். சொல்ல வேண்டியது வேறே ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் பேச்சித்தாய் அந்த முடிச்சை அந்த நிமிஷமே அவிழ்ப்பாள். ஒரே ஒரு வாக்கியம். வேறு வழி இருக்கும், யோசித்தால் இருக்கும், கர்த்தர் வழி திறப்பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், திறந்து கிடக்கிற ஒரே வழியை விட்டுவிட்டு எல்லாப் பக்கமும் தேடிக்கொண்டிருந்தாள். மணி நாலு இருபத்தேழு.

நாக்கத் தூக்கு. அதுதான் தன் மகள் பெனினாவிடம் தினம் மூன்று வேளை சொன்னது. ஏழு வயசில் பள்ளிக்கூட மைதானத்தில் முதல் வெட்டு வந்து, அன்றிலிருந்து மாத்திரை, அன்றிலிருந்து நாக்கத் தூக்கு. பெனினா கள்ளி. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடித்து, கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிடுவாள். துப்பாமல் என்ன செய்வாள். அந்த மாத்திரை ஈறை வீங்க வைத்தது. பல் பாதி மறைகிற அளவுக்கு ஈறு தடித்துப்போய், வயசு வந்த பிள்ளை, சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்ளும். போட்டோவில் எல்லாம் உம்மென்று இருக்கும். பன்னிரண்டு வயசுக்குப் பிறகு பெனினா வாய் திறந்து சிரிக்கிற போட்டோ வீட்டில் ஒன்றுகூட இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர, அது அந்த ஜனவரியில் எடுத்தது. அந்த ஜனவரி. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்து வாசலில் வாக்குத்தத்த அட்டைத் தட்டோடு சபை மூப்பர் வீட்டம்மா நின்றிருந்தாள். ஆளுக்கு ஒரு அட்டை. கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும், எடுத்ததுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் உனக்குச் சொல்லும் வார்த்தை, பிடிக்கவில்லை என்று திரும்பப் போட்டு வேறு எடுக்கக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்து வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நவமணிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து யாரும் அதை மீறிப் பார்த்ததில்லை. தன் கைக்கு வந்த அட்டையைப் பிரித்தாள். நானே உன்னைக் குணமாக்குகிற கர்த்தர் என்கிற வசனம். மகள் கையில் இருந்ததை எட்டிப் பார்த்தாள். தண்ணீரைக் கடந்து போகும்போது உன்னோடு இருப்பேன் என்கிற வசனம். இதென்ன இது. சுகம் வேண்டியது பிள்ளைக்கு, சுகத்தின் வசனம் தாய்க்கா. தட்டு மாறிவிட்டது, கை மாறிவிட்டது, கர்த்தருக்குத் தெரியாதா யாருக்கு எது வேண்டுமென்று, எடுக்கிறதில்தான் ஏதோ பிசகு. செருப்புப் போடக் குனிந்த சாக்கில் அவள் ரெண்டையும் மாற்றிவிட்டாள். பெனினா தன் அட்டையைச் சரியாகக்கூடப் பார்த்திருக்கவில்லை. "இதுதாம்ட்டி ஒனக்கு வந்தது. படிச்சுப் பாரு" என்று கொடுத்தாள். பிள்ளை படித்துவிட்டு நிமிர்ந்து, "நெசமாவாம்மா?" என்று கேட்டது. அந்த நெசமாவாம்மாவை நவமணி பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், குக்கர் விசில் அடிக்கும்போது, பஸ் ஹாரன் அடிக்கும்போது, ஆராதனையில் எல்லோரும் எழுந்து நிற்கிற சத்தத்தில், இதோ இப்போது மின்விசிறி டொக்கென்று இடிக்கிற சத்தத்தில்.

அதற்கு முன்னால் அவளுக்கு விசுவாசம் இருந்ததா என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை இருந்தது, பாடகர் குழுவில் இடம் இருந்தது, சபையே கூடி உண்கிற அசனப் பண்டிகைக்குக் காய் நறுக்கப் போகிற பழக்கம் இருந்தது. விசுவாசம் என்று ஒன்று நெஞ்சைப் பிடித்து ஆட்டியது அந்த அட்டையை மாற்றிய அன்றைக்குத்தான். அதுதான் வேடிக்கை. மாற்றியது தான் என்பதையே மறந்துபோய், கர்த்தர் சொல்லிவிட்டார், சொன்னவர் செய்வார் என்று அப்படி ஒரு தீ. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார், சுகத்தை நம்புகிறவள் மருந்தைக் கையில் வைத்திருப்பாளா என்று. அவர் பொதுவாகச் சொன்னார், நவமணி தனக்கென்று எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே மாத்திரையை நிறுத்தினாள். அப்பாட்ட சொல்லாதட்டி என்றாள். அவள் புருஷன் ஆசீர் மின்சார வாரியத்தில் லைன்மேன், எதையும் டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் தொடுகிற மனுஷன், அவரிடம் சொன்னால் காரியம் கெட்டுப்போகும். மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளைத் தையல் மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். பெனினா அந்த வாரங்களில் எப்படி இருந்தாள். தூங்கி வழியவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம். ஈறு வீக்கம் கொஞ்சம் வடிகிற மாதிரி இருந்தது, கண்ணாடி முன்னால் நின்று பல்லைப் பல்லைப் பார்த்துக்கொள்ளும், போட்டோ எடுங்கப்பா என்று அவளே கேட்டாள். ஒரு வெட்டுகூட வரவில்லை. நாலாம் ஞாயிறு நவமணி சபையில் எழுந்து மைக்கைப் பிடித்து, என் பிள்ளையைக் கர்த்தர் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னாள். மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லவில்லை. சபையே அழுதது. வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் குளிக்கப் போன பெனினா வரவில்லை. நவமணி கதவைத் தட்டினாள். தண்ணீர் ஓடுகிற சத்தம். கதவை உடைத்தபோது பிள்ளை தொட்டியில் முகம் கவிழ்ந்து கிடந்தது. தொட்டித் தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்கும், முழங்கை அளவு இருக்குமா. முழங்கை அளவுத் தண்ணீர். தண்ணீரைக் கடந்து போகும்போது உன்னோடு இருப்பேன். அந்த அட்டை தன் பைபிளுக்குள் கிடக்கிறது என்று அப்போது நினைவு வந்தது. பிள்ளைக்கென்று வந்த வசனம். கர்த்தர் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார், தட்டும் மாறவில்லை, கையும் மாறவில்லை, மாற்றியவள் அவள். கூட இருப்பேன் என்று அவர் சொன்ன அட்டையைப் பிள்ளை கையிலிருந்து பிடுங்கியதால் அவர் கூட இல்லாமல் போனாரா, இல்லை அப்போதும் கூட இருந்தாரா, இருந்தால் ஏன் முகத்தைத் திருப்பிப் போடவில்லை, ஒரு கை, ஒரே ஒரு கை போதுமே. இந்த இடம் வரைக்கும் வருவாள். ஒவ்வொரு தடவையும் இந்த இடம் வரைக்கும் வந்து, இதற்கு மேல் போக முடியாமல், திரும்பக் குளியலறைக் கதவிலிருந்து ஆரம்பிப்பாள். எதிரே கடிகாரத்தின் விநாடி முள் எட்டாம் எண்ணருகே வந்ததும் ஏறமுடியாமல் திக்கி நின்று, பிறகு குதித்து மேலே போனது. நாலு முப்பத்தெட்டு.

இதே ஆஸ்பத்திரிதான், இதே வராந்தாதான், பெஞ்சுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு சின்ன டாக்டர் வந்து, மாத்திரை ஒழுங்கா குடுத்துட்டிருந்தீங்களாம்மா என்று கேட்டார். ஆசீர் பக்கத்தில் நின்றார். "கொடுத்தேன் சார்" என்றாள். யோசிக்கக்கூட இல்லை, யாரோ உள்ளேயிருந்து சொன்ன மாதிரி இருந்தது. ஆசீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் எழுதிக்கொண்டு போனார். அந்தக் கொடுத்தேன் சார் என்பதுதான் பிறகு அவள் செய்த ஊழியத்தின் அஸ்திவாரக் கல், அதன்மேல்தான் எல்லாச் செங்கலும் ஏறியது. பிணவறையிலிருந்து பிள்ளை வருவதற்குக் காத்திருந்த நேரத்தில், பெஞ்சின் மறுமுனையில் இருந்த ஒரு பொம்பளை, அவள் புருஷன் தீவிர சிகிச்சையில் கிடந்தான், நவமணியின் மடியில் பைபிளைப் பார்த்துவிட்டு, எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கம்மா என்றாள். யாருக்கு யார் ஜெபம் பண்ணுவது. ஆனாலும் வாய் தானாகத் திறந்து பரலோகப் பிதாவே என்று ஆரம்பித்து முடித்தது. அவள் புருஷன் பிழைத்துக்கொண்டான். ஒரு மாசம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் வாழைத்தாரோடு விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து நின்றார்கள். நவமணிக்குக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல் இருந்தது. தன் பிள்ளைக்கு இல்லாத சுகம் முன்பின் தெரியாதவனுக்கு. கர்த்தரே, உமக்கு என்ன கணக்கு என்று அன்று பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் மேடையில் கர்த்தருடைய அழைப்பு என்பாள். உண்மையில் வீட்டில் இருக்க முடியவில்லை, அந்தக் குளியலறை இருக்கிற வீட்டில். போய் ஒருத்திக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்தாள், ஒரு கிழவருக்கு முதுகு துடைத்துவிட்டாள். மறுநாளும் போனாள். சபையில் ஏழெட்டுப் பெண்கள் கூடவே வர ஆரம்பித்தார்கள். படுக்கையோர ஊழியம் என்று பெயர் வந்தது. கூட்டங்களில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பத்து வருஷம் மாத்திரை கொடுத்தேன், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் பிள்ளை போய்விட்டாள், மனுஷர் கைவிட்ட இடத்தில் கர்த்தர் என்னைப் பிடித்தார் என்று சொல்வாள். நூறு தடவை சொல்லியிருப்பாள். சொல்லச் சொல்ல அதுவே நடந்த மாதிரி ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்தாதே என்று கட்டிலுக்குக் கட்டில் சொல்லிக்கொண்டேயிருந்ததால் கணக்கு நேராகிவிட்டது என்றும் ஒரு பக்கம் நினைத்துக்கொண்டிருந்தாள். போன மாசம் சபைக் கோவில் வளாகத்தில் நடந்த கூட்டத்துக்குப் பேச்சித்தாயும் வந்திருக்கிறாள், பின்வரிசையில், பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு. மாத்திரை காப்பாற்றவில்லை என்பது மட்டும் அவள் காதில் தங்கியிருக்கிறது. தங்காதா பின்னே. ஒரு தாய்க்கு அது மட்டும்தானே கேட்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிற ஜெபவீட்டுக்குப் பிரதிஷ்டை. போதகர் வருகிறார். ஆசீர் தன் கையாலேயே பலகை எழுதிவைத்திருக்கிறார், நீலத்தில் வெள்ளை எழுத்து. தினம் மூன்றரைக்கு மொபெட்டில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிடுவதும் அவர்தான், கொண்டுபோவதும் அவர்தான். பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது வார்டுக்குள் வந்தது கிடையாது. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து வாகை மரத்தடியில் நிற்பார். உள்ள வாங்களேன் என்று முதலில் எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். நீ போய்ட்டு வா ஏளா என்பார். சத்தமாக ஒரு ஜெபம் பண்ணியது இல்லை, சாட்சிக் கூட்டங்களில் அவள் எழுந்ததும் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவருக்குத் தெரியுமா. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நவமணி மிஷின் டிராயரைத் திறந்தபோது நூல்கண்டுகள் இருந்தன, மாத்திரை அட்டைகள் இல்லை. வீட்டில் வேறு யார். அன்றைக்குக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததின் மேல் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது, ஒரே பாயில் ரெண்டு பேரும் படுத்து எழுந்தார்கள். இப்போது பேச்சித்தாயிடம் சொன்னால் நாளைக்கு வார்டு முழுக்கத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சபைக்குத் தெரியும். கூட வருகிற பெண்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது. நம்பி மருந்து சாப்பிட்டுச் சுகமானவர்கள் எத்தனை பேர், அவர்கள் எல்லாம் என்ன ஆவார்கள், இந்தப் பொய்க்காரி கையா நம் தலைமேல் இருந்தது என்று தலையைத் தடவிப் பார்ப்பார்கள். ஊழியம் போய்விடும். ஊழியம் போனால் சாயங்காலம் மூன்றரைக்கு அவள் எங்கே போவாள். அந்தக் குளியலறை இருக்கிற வீட்டில் உட்கார்ந்திருப்பாளா. ரஞ்சனிக்கு உண்மையாகவே சுகம் கிடைத்திருந்தால்? கிடைத்திருக்கலாம் இல்லையா? நாலு நாள் வரவில்லையே, கர்த்தரால் ஆகாதது உண்டா, அவருடைய கிரியையைத் தடுக்க நீ யார் என்று ஒரு குரல் ரொம்பப் பக்தியாக, ரொம்ப இனிமையாகக் காதருகே பேசியது. அந்தக் குரலை நவமணிக்கு அடையாளம் தெரிந்தது. செருப்புப் போடக் குனிந்த நேரத்தில் பேசியதும் இதுதான்.

வராந்தாக் கோடியில் மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. நாலு ஐம்பத்தாறு. ஆண்கள் வார்டை முடித்துவிட்டு இங்கே வருகிறாள். கிறீச், நிற்கிறது. கிறீச். நவமணி எழுந்தாள், உட்கார்ந்தாள். எப்பா, என்னால முடியாது. எப்பா, இன்னொரு நாள் கொடும், ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், திங்கட்கிழமை அவள் ஊருக்கே தேடிப் போய்ச் சொல்கிறேன். திங்கட்கிழமை வரைக்கும் ஒரு பிள்ளை குளிக்காமலா இருக்கும். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கர்த்தர் பேசுவார் என்று பதினோரு வருஷம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள், அவர் அவளிடம் ஒரு தடவையும் பேசியதில்லை, இதுவும் அவராக இருக்காது, இது வெறும் பயம். வெறும் பயமாகவே இருக்கட்டும். திங்கட்கிழமை வரைக்கும் ஒரு பிள்ளை குளிக்காமலா இருக்கும். வண்டி அவளைத் தாண்டி வார்டுக்குள் போயிருந்தது. அவள் எழுந்தாள். பை அவள் தோளில் ஏறியது, கதவு வந்தது, ஒன்று, மூன்று, ஏழு என்று கட்டில்கள் வந்தன. எட்டாம் கட்டிலில் ஒரு அம்மா, ஜெபம் பண்ணிட்டுப் போங்கக்கா என்று கையை நீட்டினாள். நவமணி நிற்கவில்லை.

நர்ஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் கட்டிலுக்குத் திரும்பிவிட்டாள். பேச்சித்தாயின் விரல் முந்தானை முடிச்சில் இருந்தது. நவமணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வாங்கக்கா, ஒங்களத்தான் பாத்துட்டிருந்தேன் என்றாள். நவமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று நினைத்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"பேச்சி, எம் பிள்ள மாத்திர தின்னு சாகல. மாத்திரைய நான் நிறுத்துனேன். அதுலதான் செத்தா."

பேச்சித்தாய்க்குப் புரியவில்லை. அவள் இன்னும் சிரித்த முகமாகவே இருந்தாள்.

"ஒன்ன மாதிரிதான் ஒளிச்சு வச்சேன். ஒரு மாசம் வெட்டு வரல. ஒன்ன மாதிரிதான் சந்தோசப்பட்டேன். பெறவு குளிக்கப் போன பிள்ள தொட்டித் தண்ணியில விழுந்து கெடந்தா. பதினேழு வயசு."

"அப்ப கூட்டத்துல சொன்னது?"

"பொய்."

பன்னிரண்டாம் கட்டிலில் நர்ஸின் கை நின்றது. நவமணி அவள் பக்கம் திரும்பி, ரெண்டு வேளை மாத்திரை விட்டுப்போயிருக்கிறது, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். நர்ஸ் பேச்சித்தாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகமாக வெளியே போனாள். பேச்சித்தாய் நவமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் இருந்தது கோபமா என்றால் கோபம் இன்னும் வந்து சேரவில்லை. பிறகு, இப்போது வாங்கிய மாத்திரையை மகள் வாயருகே கொண்டுபோனாள். ரஞ்சனி அம்மாவையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தது. நவமணி பிளாஸ்க்கிலிருந்து மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை குடித்தது. பதினோரு வருஷமாகக் கட்டிலருகே கண்ணை மூடியே பழகியவள் கண்ணை மூடவில்லை. அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொற தாயி. நாக்கத் தூக்கு."

ரஞ்சனி நாக்கைத் தூக்கியது. ஒன்றும் இல்லை. முழுக்க உள்ளே போயிருந்தது. நவமணி பழக்கத்தில் பிள்ளையின் தலையைத் தொடக் கையை நீட்டினாள். பேச்சித்தாய் மகளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "போதும்க்கா. இனி எங்க கட்டிலுக்கு வராதீங்க" என்றாள். குரல் உயரவில்லை. தலைமாட்டில் மிச்சமிருந்த பன் பாக்கெட்டை எடுத்து நவமணியின் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகுதான் பேச்சித்தாய்க்கு அழுகை வந்தது.

வாகை மரத்தடியில் ஆசீர் மொபெட்டின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். பார்வை நேரம் முடியவில்லை, சீக்கிரம் வந்திருக்கிறாள், அவர் ஏன் என்று கேட்கவில்லை. பேச்சித்தாய் மாத்திரையை வெறுத்துப் பேச ஆரம்பித்திருக்கிறாள் என்று நேற்றுச் சாப்பிடும்போது அவரிடம் சொல்லியிருந்தாள். அப்போதும் அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். இப்போது பையை வாங்கி முன்னால் மாட்டினார். நவமணி ஏறாமல் நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்க அம்மாட்ட சொல்லிட்டேன்" என்றாள். "பெனினா காரியத்த."

ஆசீர் ஹேண்டில் கம்பியைத் துடைத்தார். "பிள்ள முழுங்கிட்டாளா?"

"முழுங்கிட்டா. நாக்கத் தூக்கிப் பாத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். தெரிந்திருக்கிறது. பதினோரு வருஷமும் தெரிந்திருக்கிறது. நவமணி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். "டிராயர்ல இருந்தத நீங்கதான் எடுத்தீங்களா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய நாளில் கேட்காத கேள்வி, இவ்வளவு சின்னதா அது.

"அடக்கத்துக்குப் பெறவு எடுத்தேன்." ஆசீர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆனா முன்னாலயே பாத்துட்டேன் ஏளா. அவ போறதுக்குப் பத்து நாளைக்கு முன்னால. ஊசி எடுக்கத் தொறந்தேன், அட்டையட்டையா கெடக்கு. அன்னைக்கே ஒன்னப் பிடிச்சுக் கேட்டுருக்கணும். பிள்ள கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுட்டிருந்தா. நானும் நம்பிட்டேன்."

வண்டியின் சீட்டில் ரெண்டு கையையும் ஊன்றி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். சைக்கிள் எடுக்க வந்தவர்கள் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால நானும் சொல்லணும் என்று அவர் முனகியது அவளுக்குக் கேட்டது. இந்த ஆஸ்பத்திரியில் எத்தனை தலைமேல் கை வைத்திருக்கிறாள் நவமணி. நரைத்துப்போன இந்த ஒரு தலைமேல் வைக்க அவளுக்குக் கை எழவில்லை. எப்பா என்றாள். வேறு ஒன்றும் வரவில்லை. அவர் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றாள்.